ராஜன் எங்கே?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். கேட்கும்போதே, "இளைஞனே எழுந்திரு மட்டும் வேணாம்டா, ஏற்கனவே நாலு வந்திருச்சு" என்றும் சொல்லிவிட்டார். நல்லதாப் போச்சு. யாரையும் எழுந்திருக்கச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. காணாமல் போன ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை.

அவனும் நம்மைப் போல ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டு, ட்ராயிங் ஷீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தவன்தான். பெயர் ராஜன். கோழிக்கோடு ரீஜினல் இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருஷம். நன்றாகப் பாடுவான். இன்று இருந்தால் எழுபது வயதை ஒட்டிய பெரியவர், என் அப்பாவைவிட மூத்தவர். ஆனால் போட்டோவில் இன்னும் மாணவனாகவே இருக்கிறான். அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் கோவிக்க வேண்டாம்.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் இல்லை. என் அப்பா மலையில் ஏலத்தோட்டத்தில் தினக்கூலி. அந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்குப் பார்த்த மலையாளி ஒருத்தர், நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறேன் என்று அப்பா சொன்னதும் முதலில் சந்தோஷப்பட்டிருக்கிறார். அப்புறம், "இன்ஜினியரிங் படிக்க அனுப்பின பையனை ஹாஸ்டல் வாசலிலேயே போலீஸ் கூட்டிட்டுப் போச்சு, அப்புறம் வரவே இல்லை, எங்க ஊரில் நடந்தது" என்று ராஜன் கதையைச் சொல்லியிருக்கிறார். அப்பா அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "எங்க போனாலும் சொல்லிட்டுப் போ." எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். படிப்பு என்றால் மார்க், வேலை, சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் அன்றைக்குப் புதிதாக ஒரு பயமும் வந்தது. அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். 1975 ஜூன் 25 ராத்திரி நாட்டில் எமர்ஜென்சி அறிவித்தார்கள். அது 1977 மார்ச் 21 வரை இருந்தது. அந்தச் சமயத்தில், 1976 பிப்ரவரி 28 அன்று, கோழிக்கோடு ஜில்லாவில் காயண்ணா என்ற ஊர் போலீஸ் ஸ்டேஷனை நக்ஸலைட்டுகள் தாக்கி ஒரு துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டார்கள். போலீஸ் வலை வீசியது. கக்கயம் என்ற மலையடிவாரத்து ஊரில் ஒரு கேம்ப் போட்டு, கிடைத்தவர்களை எல்லாம் அங்கே கொண்டுபோய் விசாரித்தது.

அந்த நாட்களில் ராஜன் எங்கே இருந்தான்? ஃபரூக் காலேஜில் நடந்த கலை விழாவில். நாம் யூத் ஃபெஸ்டிவலுக்கு வேன் பிடித்துப் போகிற மாதிரி அவர்களும் போயிருக்கிறார்கள். மார்ச் 1 விடியற்காலை திரும்பி வந்தபோது ஹாஸ்டலில் போலீஸ் காத்திருந்தது. அவனையும் இன்னொரு மாணவனையும் கொண்டுபோனார்கள். இன்னொரு மாணவன் திரும்பி வந்தான். ராஜன் வரவில்லை.

ஏன் அவனைப் பிடித்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. வேறு ஒரு ராஜனைத் தேடிப்போய் இவனைப் பிடித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். மேடையில் ஒரு மந்திரியைக் கிண்டல் செய்து பாடிவிட்டான் என்று ஒரு பேச்சும் கேரளத்தில் உண்டு. ஊர்ப் பேச்சை ஊர்ப் பேச்சாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் பெயர் ஒன்றாக இருந்ததாலேயே ஒருத்தன் உயிர் போகலாம் என்று சனங்கள் நம்புகிற நிலைமை இருந்ததே, அதை யோசித்துப் பாருங்கள். நம் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்தரில் மட்டும் எத்தனை பாண்டி, எத்தனை முத்து!

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது.

அந்தக் காலேஜ் பிரின்ஸிபால் பகாவுதீன் ஒரு காரியம் செய்தார். ராஜனின் அப்பாவுக்கு, "உங்கள் மகனைப் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது" என்று ரிஜிஸ்தர் தபாலில் எழுதி அனுப்பினார். அவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு சாதாரண ஆபீஸ் வேலை. ஆனால் அது எமர்ஜென்சி காலம். பத்திரிகைக்குத் தணிக்கை, கோர்ட்டுக்குக் கட்டு, அரசு ஊழியர்கள் வாயைத் திறக்கவே பயந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு பிரின்ஸிபால் தன் கையெழுத்தைப் போட்டு, "போலீஸ் பிடித்தது" என்று காகிதத்தில் எழுதினார். வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

ராஜனின் அப்பா ஈச்சர வாரியர், கோழிக்கோடு அரசுக் கலைக் கல்லூரியில் இந்திப் பேராசிரியராக வேலை பார்த்தவர். அந்தத் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. போலீஸ் அதிகாரிகளைப் பார்த்தார். மந்திரிகளைப் பார்த்தார். ஜனாதிபதிக்கும் எம்.பி.க்களுக்கும் மனு எழுதினார். அப்போது உள்துறை மந்திரியாக இருந்தவர் கருணாகரன். 1976 மார்ச்சிலேயே அவரைப் பார்த்ததாகவும், பையன் ஏதோ பெரிய கேஸில் மாட்டியிருக்கிறான் என்று அவர் சொன்னதாகவும் வாரியர் பிறகு கோர்ட்டில் சொன்னார். மந்திரி தரப்பு அதை மறுத்தது.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போக வழி இல்லை. ஒருத்தரை அரசாங்கம் பிடித்து வைத்திருந்தால், 'ஆளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்து' என்று கோர்ட் உத்தரவு போடுவதற்கு ஆட்கொணர்வு மனு என்று பெயர். அதை ஹேபியஸ் கார்ப்பஸ் என்பார்கள். எமர்ஜென்சியில் அந்த மனுவே போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் அப்படிச் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா என்ற ஒருத்தர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. (அந்தத் தீர்ப்பு தப்பு என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னது. நாற்பத்தோரு வருஷம் கழித்து!)

எமர்ஜென்சி முடிந்ததுதான் தாமதம், 1977 மார்ச் கடைசியில் வாரியர் கேரள ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதே மார்ச் 25-ல் கருணாகரன் முதலமைச்சராகி இருந்தார். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றி, காலித். அரசு தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ராஜன் என்று ஒருத்தரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். ஒரு வருஷமாக ஒரு அப்பா காணாமல் தவிக்கிறார். இவர்கள், அப்படி ஒரு ஆளே எங்களிடம் வரவில்லை என்கிறார்கள். அங்கேதான் பிரின்ஸிபாலின் தபால் பேசியது. பிரின்ஸிபாலும் சாட்சி சொன்னார். ஹாஸ்டலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். கேம்ப்பில் அவனைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ராஜனைப் போலீஸ் பிடித்தது உண்மை என்று 1977 ஏப்ரல் 13-ல் ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னது. ஏப்ரல் 21-க்குள் ஆளைக் கொண்டுவா என்றது. கொண்டுவர ஆள் இல்லை. ஏப்ரல் 25-ல் முதலமைச்சர் ராஜினாமா செய்தார். பதவியேற்றுச் சரியாக ஒரு மாசம்.

மே மாசம் அரசாங்கமே கோர்ட்டில் ஒத்துக்கொண்டது: ராஜன் 1976 மார்ச் 2 அன்று கக்கயம் கேம்ப்பில் போலீஸ் சித்திரவதையில் இறந்துவிட்டான் என்று. உடம்பின் மேல் கட்டையை வைத்து உருட்டுவார்களாம். அதற்கு உருட்டல் என்றே பெயர். நம் வீட்டில் நெல் குத்துகிற உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

தேதியைக் கவனித்தீர்களா? பிடித்தது மார்ச் 1. செத்தது மார்ச் 2. அதாவது அந்த ரிஜிஸ்தர் தபால் அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்த சமயத்தில் அனேகமாக உயிர் போய்விட்டது. அவர் ஏறி இறங்கிய படி எல்லாம், எழுதிய மனு எல்லாம், இல்லாத ஒருத்தனுக்காக. அது தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். யாரும் சொல்லவில்லை.

சரி, செத்துட்டான்னு கோர்ட்டே சொல்லிருச்சு, அப்புறம் என்ன 'காணவில்லை' என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான். உடம்பு எங்கே? இன்றுவரை கிடைக்கவில்லை. எரித்துவிட்டார்கள் என்று ஒரு கதை, அணைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை. ஒரு எலும்புகூட அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. சரி, செய்தவர்கள் யார்? கேஸ் நம் தமிழ்நாட்டுக்கு வந்தது, கோயம்புத்தூர் கோர்ட்டில் நடந்தது. கேம்ப்பை நடத்திய டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் உட்படச் சிலருக்குக் கீழ்க்கோர்ட்டில் தண்டனை ஆனது, மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. கருணாகரன் அதன்பிறகு 1980-களிலும் 1990-களிலும் மறுபடி முதலமைச்சராக இருந்தார். ஆக, ஒருவன் இறந்தான் என்பது சட்டப்படி உண்மை. யார் கொன்றார்கள், எங்கே போட்டார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. இந்தக் கணக்கு டாலி ஆகவில்லை நண்பா. டாலி ஆகாத கணக்கை மூடி வைத்தால் அது முடிந்த கணக்கு ஆகிவிடுமா?

ராஜனின் அம்மாவுக்கு அதற்குப் பிறகு மனநிலை சரியாகவே இல்லை. 2000-ல் இறந்துபோனார். அப்பா 2006 வரை இருந்தார். மகனைப் பற்றி மலையாளத்தில் ஒரு புத்தகம் எழுதினார். கேரள சாகித்ய அகாடமி பரிசு பெற்ற புத்தகம், தமிழிலும் வந்திருக்கிறது. ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி' என்ற படம் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் வந்தது. பஸ் வருகிற இடத்தில் மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு கிழவர் கதை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, பார்க்கிறவர்கள் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கோழிக்கோடு காலேஜ் 2002-ல் என்.ஐ.டி. ஆகிவிட்டது. அங்கே வருஷா வருஷம் நடக்கும் 'ராகம்' என்ற கலை விழா ராஜன் நினைவாகத்தான். பாடப் போய்த் திரும்பி வந்து பிடிபட்டவனுக்கு அந்த மாணவர்கள் பாட்டாலேயே நினைவு வைத்திருக்கிறார்கள். மாணவர் சங்கம் என்றால் இதையெல்லாம் செய்யலாம் என்று நமக்கும் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். எங்கள் அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே 50 ஆயிரம் டன் எடையில் இரும்புக் காந்தக் கருவி வைத்து, பூமியையே துளைத்துக்கொண்டு போகும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். 2015-ல் மத்திய மந்திரிசபை ஒப்புதல்கூடக் கொடுத்தது. ஊரில் எதிர்ப்பு வந்தது, கோர்ட், கேஸ் எல்லாம் ஆனது. அது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் இங்கே வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேட இவ்வளவு அக்கறை காட்டுகிற நாட்டில், ஐந்தரை அடி உயரத்து மனுஷன் காணாமல் போனால் தேடுவதற்கு எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் வீட்டு மாமா மலையில் ஏலக்காய் எடுப்புக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் விடியக்காலை ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, போடி மெட்டுக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் உண்டு. தோட்டத்திலேயே தங்கி வாரம் ஒரு தடவை, மாசம் ஒரு தடவை இறங்குகிறவர்களும் உண்டு. மாமா தங்கி வேலை பார்த்தவர். மூணு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசம் மேலே போனார். இறங்கி வரவில்லை.

கங்காணியைக் கேட்டால், "கணக்கு முடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றார். போன் சுவிட்ச் ஆஃப். அத்தை என் வீட்டுக்கு வந்து, "தம்பி, நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளை, ஒரு மனு எழுதிக் குடுய்யா" என்றார். நான் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் மாமாவின் வயசு, நிறம், அன்று போட்டிருந்த சட்டை, இடது முழங்காலில் இருந்த தழும்பு எல்லாம் எழுதினேன். போட்டோ வேண்டும் என்றார்கள். கல்யாணப் போட்டோவிலிருந்து அத்தையை மடித்துவிட்டு மாமாவை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தோம். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். "வேலை பார்த்தது கேரளா லிமிட், அங்க போய்க் குடுங்க" என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். "ஆளு தமிழ்நாடு, கணக்கு முடிச்சுக் கீழே இறங்கிட்டாரு, அங்கயே குடுங்க" என்றார்கள். மூணாவது தடவை போனபோது இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் மனுவை வாங்கி ஒரு நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். ரசீது கேட்டோம். "போங்க, கூப்பிடுவோம்." மூணு மாசம் கழித்துப் போய்க் கேட்டால், வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்.

ராஜனைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இந்த இடத்தில்தான். 'அப்படி ஒரு ஆளே வரவில்லை.' 'அப்படி ஒரு மனுவே வரவில்லை.' இரண்டும் ஒரே வார்த்தை! மாமாவைப் போலீஸ் பிடித்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. அவர் பள்ளத்தில் விழுந்தாரா, யானை வழியில் மாட்டினாரா, மனசு வெறுத்து வேறு ஊருக்குப் போனாரா, யாருக்குத் தெரியும்? நான் சொல்வது காகிதத்தைப் பற்றி. வாரியர் கையில் ஒரு காகிதம் இருந்தது, அது ஒரு முதலமைச்சரையே இறக்கியது. அத்தை கையில் ஒன்றும் இல்லை.

நாம் சிவில்காரர்கள் சர்வே ப்ராக்டிகலில் முதல் நாள் கேட்ட பாடம் என்ன? ஃபீல்டு புக்கில் எழுதாத ரீடிங் ரீடிங்கே இல்லை. ஸ்டாஃபைக் கண்ணால் பார்த்தேன் சார் என்றால் ஒத்துக்கொள்வார்களா? திரும்பவும் மெஷினை நட்டு வை என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மனுவும் அப்படித்தான். வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒன்று கொடுக்க வேண்டும். அதில் நம்பர், தேதி எல்லாம் இருக்கும். காணாமல் போனது சின்னப் பிள்ளை என்றால் கட்டாயம் எஃப்.ஐ.ஆரே போட வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கடத்தல், கொலை என்று சந்தேகம் இருந்தால் 'எங்கள் லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பக்கூடாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம், அவர்கள்தான் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. ரசீது கொடுக்கவில்லை என்றால் அதே மனுவை எஸ்.பி. ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். இது எல்லாம் எனக்கு மூணு வருஷத்துக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ரசீது இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்திருப்பார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 108-வது பிரிவு, புதுச் சட்டத்தில் 111. அந்த ஏழு வருஷத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? எழுத்தில் இருக்கிற தேதியைத்தானே கேட்பார்கள்? அதுவரைக்கும் அத்தை யார்? சுமங்கலியா, இல்லையா? விதவைப் பென்ஷன் கேட்டால் இறப்புச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். மாமா பெயரில் இருக்கிற அரை ஏக்கரை அடமானம் வைக்கக்கூட முடியாது. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முன்னால் வந்து நிற்கலாமா, பின்னால் நிற்கவா என்று அத்தைக்குத் தெரியவில்லை. பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தோடு ஒரு முடிவு இருக்கிறது. காணாமல் போன வீட்டுக்கு எத்தனையாம் நாள் காரியம்?

நம் மலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் புதைந்தன. எல்லாம் நம் தமிழ்ச் சனங்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போனவர்கள் நிறைய. 70 பேரில் 66 உடல் கிடைத்தது. நாலு பேர் கிடைக்கவே இல்லை. ஆற்றோரம் முழுக்கத் தேடினார்கள். இலங்கையில் தமிழ் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் ரோட்டோரமாகப் பந்தல் போட்டு, பிள்ளைகளின் போட்டோவை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். சரணடைந்த பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே அந்தத் தாய்மாரில் பலர் கண் மூடிவிட்டார்கள். அர்ஜென்டினாவில் இப்படித்தான் அம்மாக்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ராணுவ ஆட்சியைக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் முதன்முதலில் கூடியது 1977 ஏப்ரல் 30. ராஜன் தீர்ப்பு வந்த அதே ஏப்ரல்!

இப்படி ஆட்களை மறைய வைப்பதற்கு எதிராக 2006-ல் ஐ.நா. சபை ஒரு உடன்படிக்கையே கொண்டுவந்தது. இந்தியா 2007-ல் கையெழுத்துப் போட்டது. போட்டதோடு சரி, அதை உறுதி செய்து சட்டமாக்கும் வேலை நடக்கவில்லை. அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபீஸ் கட்டாமல் இருப்பது மாதிரி.

நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. எமர்ஜென்சி வந்தாலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்று 1978-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருத்தரைக் கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைது மெமோவில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதி போட்டது. பகாவுதீன் தானாகச் செய்ததை இன்று போலீஸே செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அப்படி ஒரு விதி இருப்பது நம் காலேஜில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொன்னால் பத்துக் கை வருமா?

ஆகவே நண்பர்களே, எனக்கு இரண்டு ஆசை. பெரிய ஆசை இல்லை, செலவும் அதிகம் இல்லை. நம் ஹாஸ்டலிலோ காலேஜிலோ படிக்கிற ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனாலோ, யாராவது வந்து கூட்டிப் போனாலோ, அன்றைக்கே வீட்டுக்கு ஸ்பீட் போஸ்டில் தபால் போக வேண்டும். போனில் சொன்னால் போதாதா என்பீர்கள். போனிலும் சொல்லுங்கள், தபாலும் போடுங்கள். அதை மாணவர் சங்கம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு குயர் வெள்ளைத் தாள், கார்பன். மலையிலிருந்து இறங்குகிற சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்போம். காணாமல் போன மனு மட்டும் இல்லை, பென்ஷன் மனு, ரேஷன் மனு எல்லாம். எழுதிக் கொடுத்தால் போதாது, கூடப் போய் ரசீது வாங்கித் தர வேண்டும். பேன்ட் சட்டை போட்ட நாலு பேர் பின்னால் நின்றால் 'போங்க, கூப்பிடுவோம்' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

"நமக்கு எதுக்குடா ஊர் வம்பு, அரியர்ஸை முடிக்கிற வழியைப் பாரு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அரியர்ஸ் ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரக்சுரல் மெக்கானிக்ஸ். எழுதி முடிப்பேன். ராஜனும் அரசியல்வாதி இல்லை. பாடப் போனவன். ஊர் வம்புக்குப் போகாதவனையும் வம்பு ஹாஸ்டல் வாசலில் வந்து தேடியது.

அத்தைக்குப் போன மாசம் புதிதாக ஒரு மனு எழுதினேன். பழைய தேதி, அன்று எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பெயர், ஜெராக்ஸ் போட்டோ எல்லாம் சேர்த்து, ஸ்பீட் போஸ்டில் போட்டோம். போய்ச் சேர்ந்ததற்கான சான்று வந்துவிட்டது. அத்தை அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார்.

இந்த மலர் வெளியான பிறகு நடக்கிற முதல் பொதுக்குழுவில் மேலே சொன்ன இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். சங்க விதிப்படி வழிமொழிய ஒருத்தர் வேண்டும். ஹாஸ்டல்காரராக இருந்தால் நல்லது. மூன்றாமாண்டு சிவில், ஜன்னல் ஓரம், கடைசிக்கு முந்தின பெஞ்ச். வந்து பேர் கொடுங்கள்.

மூன்றாமாண்டு சிவில் மாணவன்,
பொட்டிபுரம்